கூரை தெரிந்தவர், தண்ணீர் தெரிந்தவர்: நெல்லைச் சீமையில் தீக்கு முன் நின்றவர்கள்

கேள்வி இது: ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் சில ஆயிரம் பேர் வாழும் சிற்றூரில்கூடத் தன்னார்வத் தீயணைப்புப் படை இருக்கிறது. அது தொடங்கிய ஆண்டிலிருந்து இன்றுவரை தலைமை ஏற்றவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அம்பாசமுத்திரம், களக்காடு, சங்கரன்கோவில் மாதிரியான நம் ஊர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் ஏன் இல்லை? அந்தக் காலத்தில் தீப்பிடித்தால் யார் முன்னால் நின்றார்கள்?

தீயணைப்புத் துறையில் தீயணைப்போராகச் சேர்ந்து, நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். பிறந்து வளர்ந்தது தாமிரபரணியின் கால்வாய் ஒன்றை ஒட்டிய கிராமம். இதே கேள்வியைப் பல ஆண்டுகளாக நானும் சுமந்துகொண்டிருப்பதால் பதில் நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ப்பலகை மாட்டி, உறுப்பினர் சேர்த்து, தலைவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் படை நம் சிற்றூர்களில் வேரூன்றவில்லை. ஆனால் ஒவ்வொரு தீயிலும் ஒருவர் சொன்னார், மற்றவர்கள் கேட்டார்கள். அந்த ஒருவர் யார் என்பதை அந்தந்தக் காலத்துக் கூரைதான் முடிவு செய்தது. ஓலைக் கூரை இருந்தபோது ஒரு தலைவர். பஞ்சாலை வந்தபோது வேறொருவர். கான்கிரீட் வீடும் எரிவாயு உருளையும் வந்த பிறகு இன்னொருவர். கூரை மாற மாறத் தலைமையும் கைமாறியது. எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

முதலில் வெளிநாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1736-இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் நண்பர்களைச் சேர்த்து ஒரு தீயணைப்புச் சங்கம் தொடங்கினார். ஆளுக்குச் சில தோல் வாளிகளும், பொருள்களை அள்ளிப்போட்டு வெளியே கொண்டுவரச் சாக்குப்பைகளும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஜெர்மனியில் 1846-இல் துர்லாக் என்ற சிற்றூரில் பயிற்சி பெற்ற தன்னார்வப் படை ஒன்று உருவானது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பக்கத்து நகரமான கார்ல்ஸ்ரூவேயில் நாடக அரங்கு தீப்பிடித்தபோது அந்தப் படை ஓடிப்போய்ச் செய்த வேலையைப் பார்த்துத்தான் மற்ற ஊர்களும் படை தொடங்கின. ஊல்ம் நகரத்தில் அப்படி ஒரு படைக்குத் தலைமை ஏற்ற மகிருஸ் என்பவர், பின்னாளில் சக்கரம் வைத்த ஏணிகளைச் செய்து புகழ்பெற்றார். சிலி நாட்டில் இன்றைக்கும் தீயணைப்போர் அனைவரும் சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான். வால்பரைசோ துறைமுகத்தில் 1851-இல் தொடங்கிய வழக்கம் அது.

ஆனால் நம் கேள்விக்கு உண்மையான திறவுகோல் இவற்றையெல்லாம்விடப் பழைய ஒரு கடிதத்தில் இருக்கிறது. கி.பி. 111 வாக்கில், ரோமப் பேரரசின் ஒரு மாகாணத்தை ஆண்ட பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். நிகோமீடியா நகரத்தில் பெரிய தீ. மக்கள் கைகட்டி வேடிக்கை பார்த்தார்கள். ஊரில் ஒரு நீர்ப்பீச்சியோ வாளியோ கிடையாது. ஆகவே 150 பேர் கொண்ட தீயணைப்புச் சங்கம் ஒன்றை அமைக்கலாமா என்று கேட்டார். டிராஜன் மறுத்துவிட்டார். எந்தப் பெயரில் கூடினாலும் இப்படிப்பட்ட சங்கங்கள் விரைவிலேயே அரசியல் கூட்டங்களாக மாறிவிடும், கருவிகளை மட்டும் வாங்கி வையுங்கள், வீட்டுக்காரர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவருடைய பதில். ஊர் ஆண்கள் ஒரு தலைவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கூடுவது, தீயைவிடப் பெரிய ஆபத்தாகப் பேரரசருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தக் கடிதத்தைப் படித்தபோது என் நினைவு நேராகப் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் இரண்டாவது பாளையப் போரும் முடிந்தது. கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது, மக்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. அதற்கு முன்புவரை நம் சீமையில் ஊர்க்காவல் என்பது ஊருக்குள்ளேயே இருந்த ஏற்பாடு. ஒவ்வொரு ஊருக்கும் தலக்காவல், பல ஊர்களைச் சேர்த்துத் திசைக்காவல். களவு போனால் பொருளை மீட்க வேண்டும், முடியாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும் என்பது காவல்காரர்களின் கடமை. அந்தக் காவலில் அடாவடியும் இருந்தது, அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் இரவில் விழித்திருந்து, கொம்பு ஊதி, ஊரைக் கூட்டும் அதிகாரம் ஊர்க்காரன் கையில் இருந்தது. கம்பெனி ஆட்சி அதைக் கலைத்துவிட்டு, 1816-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கிராமத் தலைவரையே ஊர்ப் போலீசுக்கும் பொறுப்பாக்கியது. அவர்தான் நாம் அறிந்த கிராம முன்சீப். ஜெர்மனியில் ஊர் இளைஞர்கள் சீருடை போட்டுப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த அதே அரை நூற்றாண்டில், இங்கே இருபது பேர் ஒரே குரலுக்குத் திரும்பினாலே தகவல் கச்சேரிக்கு, அதாவது அரசு அலுவலகத்துக்கு, போய்விடும் என்ற நிலை இருந்தது. நம் ஊர்களில் படை பிறக்காததற்கு இதுவே முதற்காரணம் என்பது என் முடிவு. நம் மக்களுக்குத் தொண்டு மனம் இல்லை என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

படை இல்லாத ஊரில் தீ எப்படி அணைந்தது என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆடி மாதம். ஆனி, ஆடியில் மேற்கு மலைக் கணவாய்களின் வழியாக வரும் மேல்காற்று எப்படி அடிக்கும் என்பது நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவின் மேற்குக் கோடியில் ஒரு வீட்டில், அடுப்பிலிருந்து அள்ளிக் கொட்டிய சாம்பலுக்குள் கங்கு கிடந்திருக்கிறது. காற்று அதை ஊதி, தாழ்வாரத்து ஓலையில் ஏற்றிவிட்டது. நாங்கள் ஓடிப்போவதற்குள் முகடு பற்றிக்கொண்டது. பச்சைத் தென்னங்கீற்று என்றால் புகையும். காய்ந்த பனையோலை வெடித்து வெடித்து எரியும். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

பெண்கள் முதலில் செய்தது மாட்டுக் கயிறுகளை அறுத்துவிட்டது. என் பாட்டி அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குள் போனது நினைவிருக்கிறது. ஆண்கள் ஆளுக்கொரு குடத்தோடு எரிகிற வீட்டை நோக்கி ஓடினார்கள். அப்போதுதான் கூரை வேயும் தொழிலாளி ஒருவர் தெரு நடுவில் நின்று கத்தினார். "எரிகிற வீட்டை விடு! அடுத்த வீட்டையும் விடு! மூன்றாவது வீட்டைப் பிரி!"

அந்த ஒரு சொல்லில் இருந்த அறிவைப் பிறகு துறைப் பயிற்சியில் சேர்ந்தபோதுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன். ஓலைக் கூரை என்பது தண்ணீரை வழியவிடுவதற்காகவே வேயப்பட்டது. மேலே எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் வழிந்து கீழே போகுமே தவிர உள்ளே இறங்காது. ஆகவே எரிகிற கூரையைக் குடத்துத் தண்ணீரால் காப்பாற்ற முடியாது. காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது, அதனால் தீ கிழக்கே போகும். ஒட்டியிருக்கும் வீட்டின் கூரையில் ஏறினால், பிரித்து முடிப்பதற்குள் அதுவும் பற்றிவிடும். மூன்றாவது வீட்டைப் பிரிக்க மட்டுமே நேரம் இருக்கிறது. அந்த இடைவெளியில் தீ நின்றுவிடும். எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதைத்தான் பயிற்சிப் பள்ளியில் எரிபொருளை விலக்கி அணைக்கும் முறை என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள்.

அவர் மண்சுவர் மேல் கால்வைத்து ஏறினார். தெரியாதவர்கள் கூரையைப் பிரித்தால் இறவாரத்திலிருந்து ஒவ்வோர் ஓலையாக இழுப்பார்கள். அவர் நேராக முகட்டுக்குப் போய், ஓலையைத் தாங்கும் குறுக்குக் கழியான வரிச்சைப் பிடித்திருந்த பனைநார்க் கட்டுகளை அரிவாளால் வரிசையாக அறுத்துக்கொண்டே போனார். கீழே நின்றவர்கள் தொரட்டி போட்டு இழுத்தார்கள். ஒரு பக்கத்துச் சரிவு மொத்தமாக நழுவித் தெருவில் விழுந்தது. எந்தக் கட்டை அறுத்தால் எது விழும் என்பது அதைக் கட்டிய கைக்குத்தானே தெரியும்? கிழக்கே இருந்த வீடுகளின் மேல் என்னைப் போன்ற சிறுவர்களை நனைந்த சாக்குகளோடு ஏற்றிவிட்டார்கள். பறந்து வரும் எரிந்த ஓலைத் துணுக்குகளை அடித்து அணைப்பது எங்கள் வேலை. என் சாக்கு இரண்டு தடவை காய்ந்தது, இரண்டு தடவையும் கீழேயிருந்து யாரோ நனைத்துக் கொடுத்தார்கள்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? இங்கேதான் இரண்டாவது தலைவர் வருகிறார். மடை பார்க்கும் பெரியவர். பழைய கணக்குகளில் மடைக்குடும்பன் என்று எழுதப்பட்ட வேலை அது. அவர் தீயைப் பார்க்க வரவே இல்லை. புகையைக் கண்டதும் மண்வெட்டியோடு கால்வாய்க்குப் போய், மடையைத் திறந்து, வரப்பை வெட்டி, தண்ணீரை எங்கள் தெரு வாறுகாலுக்கு, அதாவது தெருவோர வடிகாலுக்கு, திருப்பிவிட்டார். கார் பருவ நெல் சாகுபடிக்காகக் கால்வாய் நிறையத் தண்ணீர் ஓடிய காலம். சிறிது நேரத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குடம் முக்கும் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. ஊர்க்கிணற்றிலிருந்து கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்திருந்தால் அந்தத் தெரு மிஞ்சியிருக்காது.

மூன்றாமவர் முன்சீப். அவர் ஒரு குடம்கூடத் தூக்கவில்லை. மூன்றாவது வீட்டுக்காரர், தீப்பிடிக்காத தன் வீட்டைப் பிரிக்கக் கூடாது என்று வாசலை மறித்து நின்றார். முன்சீப் அவருடைய தோளைப் பிடித்து, "ஓலையும் கூலியும் ஊர்க்கணக்கில். நான் பொறுப்பு" என்றார். மறித்தவர் விலகினார். ஐப்பசி மழை இறங்குவதற்கு முன் அந்த வீட்டுக்கு ஊர் சேர்ந்து ஓலை போட்டது. ஒருவரின் நல்ல வீட்டை இடிக்கச் சொல்வதற்கு அறிவு மட்டும் போதாது, இழப்புக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பின்னாளில் நான் நிலைய அலுவலராக எத்தனையோ முறை கதவை உடைக்கச் சொல்லியிருக்கிறேன், மதிலை இடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தத் தோள்மேல் விழுந்த கையை நினைத்துக்கொள்வேன்.

இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். அன்று எங்கள் தெருவைக் காப்பாற்றிய மடைக்காரர், மறுநாள் எங்கள் தெருக் கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் குடிக்க முடியாது. அந்தக் காலத்தில் கிணறுகள் அப்படித்தான் பிரிக்கப்பட்டிருந்தன. தீ எரியும்போது குடங்கள் எல்லாக் கைகளிலும் மாறின. அணைந்ததும் கைகள் பழையபடி விலகிக்கொண்டன. அவர்களுடைய தெருவில் தீப்பிடித்த ஆண்டுகளில் நம் தெருவிலிருந்து எத்தனை குடம் போனது என்று பெரியவனான பிறகு பாட்டியிடம் கேட்டேன். பாட்டி வெற்றிலைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தன்னார்வப் படை என்பது ஊர் முழுவதும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கும் ஊரில்தான் முழுமையாக அமையும். படை பிறக்காததற்கு ஆங்கிலேயர் மட்டும் காரணம் அல்லர்.

சரி, நகரங்களுக்கு வருவோம். திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் 1866-இல் நகராட்சிகள் ஆயின. ஓலைக் கூரை, ஓலைப் பந்தல் போடுவதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் நகராட்சிச் சட்டங்களிலேயே இருந்தது. ஆகவே நகராட்சித் தலைவரும் ஒரு வகையில் இந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டியவர். ஓடு வேய்ந்த தெருக்களில் தீ ஒரு வீட்டோடு நின்றது. சாதித்தவர் பெயர் வெளியே தெரியாத வேலை இது.

1908 மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டதை அடுத்து, 13-ஆம் தேதி திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகம் தீக்கிரையானது, நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கு பற்றி எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அரசு அதற்குப் பிறகு ஊருக்கு அனுப்பியது தண்டக் காவல் படை. அதன் செலவையும் மக்கள் தலையிலேயே கட்டியது. அதே 1908-இல்தான் சென்னை நகரத்துக்குத் தீயணைப்புப் படை அமைந்தது. தலைநகரத்துக்குத் தண்ணீர்ப் பம்பு, நெல்லைக்குத் துப்பாக்கி. டிராஜனின் கடிதத்தை நான் ஏன் முதலில் சொன்னேன் என்பது இப்போது விளங்கும் என்று நினைக்கிறேன்.

பயிற்சி பெற்ற தீயணைப்புக் குழு என்று சொல்லத்தக்கது நம் சீமைக்குள் ஆலைகள் வழியாகத்தான் வந்தது. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவியின் நீர்விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை தொடங்கினார்கள். 1888-இல் தூத்துக்குடியில் கோரல் மில். பஞ்சில் பிடிக்கும் தீ வஞ்சகமானது. பொதிக்குள் ஒரு பொறி புகுந்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாமல் மணிக்கணக்கில் உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். வெளிப்புறத்தை நனைத்துவிட்டு அணைந்தது என்று நினைத்துப் போனால், நள்ளிரவில் மறுபடியும் எரியும். பொதியைப் பிரித்து, கையை உள்ளே விட்டுச் சூடு பார்க்க வேண்டும். இதைத் தெரிந்த ஆலைத் தொழிலாளிகள் தங்கள் ஊர்களில் வைக்கோல் படப்பு எரியும்போதும் முன்னால் நின்றார்கள். படப்பும் பஞ்சுப் பொதியும் தீயின் கணக்கில் அண்ணன் தம்பி. மேலே தண்ணீர் ஊற்றிப் பயன் இல்லை. தொரட்டியால் பிரித்து, பரப்பி, நனைத்து, இரண்டு இரவு காவல் இருக்க வேண்டும். ஈரத்தோடு அடைந்த வைக்கோல் உள்ளுக்குள் புழுங்கிச் சூடேறி, தீக்குச்சியே இல்லாமல் தானாகப் பற்றுவதும் உண்டு. நான் பணியில் இருந்தபோது படப்புத் தீக்குப் போனால், "இங்கே மில்லில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்பதுதான் என் முதல் கேள்வி. கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கம் போனால் தீப்பெட்டித் தொழிலாளர்களைத் தேடுவேன். தீக்குச்சி மருந்து இருக்கும் இடத்தில் எதைத் தொடக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது எங்கள் துறை. சென்னையில் தொடங்கி, பிறகு மாவட்டங்களுக்கும் வட்டத் தலைநகரங்களுக்கும் நிலையங்கள் வந்தன. தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் 1985-இல் வந்தது. 101 என்ற எண் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் ஆனது. 1980-இல் முன்சீப், கர்ணம் பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஊர்த் தலைமையின் பழைய கட்டு அவிழ்ந்த அதே காலத்தில் சிவப்பு வண்டி பரவியது. தொலைபேசி இருந்தால் தலைவர் வேண்டியதில்லை என்ற எண்ணமும் ஊர்களில் கூடவே வந்தது.

நீங்கள் கேட்ட பட்டியலுக்கு மிக நெருக்கமானது எங்கள் நிலையங்களில்தான் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில், அலுவலர் நாற்காலிக்குப் பின்னால் மரப்பலகை ஒன்று தொங்கியது. அங்கே பணியாற்றிய நிலைய அலுவலர்களின் பெயர், வந்த நாள், போன நாள். இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்று வரிசையாக. என் பெயரும் அதில் இருக்கிறது. பெருமைதான். ஆனாலும் ஜெர்மானியப் பட்டியலுக்கும் அதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ஊராரே தேர்ந்தெடுத்தவர், அதே ஊரில் பிறந்து அதே ஊரில் முதுமை அடைபவர். இங்கே நாங்கள் மாறுதல் உத்தரவில் வந்தவர்கள். தெருக்களின் பெயர் மனத்தில் பதிவதற்குள் அடுத்த உத்தரவு வந்துவிடும்.

ஊர்க்காரரின் அறிவு ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். பெரிய வண்டியில் இருக்கும் தண்ணீர் 4500 லிட்டர். ஒரே ஒரு பிராஞ்ச் (குழாய் முனையில் மாட்டும் பீச்சுகுழல்) வழியாக நிமிடத்துக்கு 450 லிட்டர் அடித்தாலும் பத்து நிமிடத்தில் தொட்டி காலி. அதற்குப் பிறகு குளத்திலோ கிணற்றிலோ சக்ஷன் ஹோஸைப் போட்டு உறிஞ்ச வேண்டும். நீர்மட்டம் ஏழெட்டு மீட்டருக்குக் கீழே போய்விட்டால் பம்பால் இழுக்க முடியாது. இது காற்றழுத்தத்தின் எல்லை, எவ்வளவு விலை கொடுத்துப் பம்பு வாங்கினாலும் மாறாது. பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து படப்புகள் நிறைந்திருக்கும் பங்குனி, சித்திரையில்தான் கால்வாய்களும் வறண்டு கிடக்கும். எந்தத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கிறது, அதற்கு எந்தப் பாதையில் வண்டி போகும், எந்தப் பாலம் தாங்காது? மடைக்காரரின் பேரனுக்குத் தெரியும். பலகையில் பெயர் உள்ள எனக்குத் தெரியாது. ஒரு முறை கண்ணுக்கு முன்னால் படப்பு எரிய, தண்ணீர் தேடி இரண்டு மைல் போய்த் திரும்பினோம். பக்கத்துத் தோப்புக்குள் நிறைகிணறு ஒன்று இருந்ததைப் பிறகுதான் சொன்னார்கள். அதற்கப்புறம் எந்த நிலையத்துக்கு மாறினாலும், முதல் வாரத்தில் சைக்கிள் எடுத்துக்கொண்டு கிணறு பார்க்கக் கிளம்பிவிடுவேன்.

ஏப்ரல் 14-ஐ எங்கள் துறையில் தீத்தொண்டு நாள் என்கிறோம். 1944-இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில், வெடிமருந்தும் பஞ்சுப் பொதியும் ஏற்றி நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன 66 தீயணைப்போர் இறந்தார்கள். சம்பளம் வாங்கும் துறை தன் நாளுக்குத் தொண்டு என்று பெயர் வைத்திருக்கிறது. அந்தச் சொல்லை நான் எப்போதும் மரியாதையோடுதான் உச்சரித்திருக்கிறேன்.

அந்த வாரத்தில் ஊர் ஊராகப் போய்ச் செய்முறை விளக்கம் காட்டுவோம். என் கடைசிப் பத்து ஆண்டுகளில் நான் கண்ட மாற்றம், தலைமை பெண்கள் கைக்கு வந்ததுதான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கொட்டகைப் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்த பிறகு, மாநிலம் முழுவதும் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. குடிசைகள் கான்கிரீட் வீடுகளாக மாறும் திட்டங்கள் வந்தன. கூரை எரியும் காலம் போய், சமையலறை எரியும் காலம் வந்தது. பகலில் வீட்டில் இருப்பது யார்? முக்கூடல் பக்கம் ஒரு தெருவில் பீடி சுற்றும் பெண்களுக்கு எரிவாயு உருளைத் தீயை அணைத்துக் காட்டினோம். சாக்கை நன்றாக நனைத்து, கேடயம் மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு நெருங்கி, உருளையின் மேல் போர்த்தி, வால்வை மூட வேண்டும். காற்று கிடைக்காத தீ செத்துவிடும். ஆண்கள் ஓரமாக நின்று பார்த்தார்கள். பெண்களில் ஒருவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவந்து, முதல் முறையிலேயே செய்துகாட்டினார். சில மாதங்கள் கழித்து அதே தெருவில் ஓர் உருளை எரிந்தது. நாங்கள் போய்ச் சேரும்போது ஈரச் சாக்கு மூடிய உருளை முற்றத்தில் நின்றது, அவர் மறுபடியும் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். அறிக்கையில் "வண்டி வருமுன் பொதுமக்களால் அணைக்கப்பட்டது" என்று எழுதினேன். அந்தப் பெண்ணின் பெயரை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

மலையடிவாரத்தைச் சொல்லாமல் விட முடியாது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988-இல் அமைந்தது. மாசி முதல் வைகாசி வரை காட்டுத்தீக் காலம். தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், காற்றுக்கு எதிராக எதிர்த்தீ வைப்பதும், பச்சைக் குழையால் அடித்தே அணைப்பதும் மலையை அறிந்த காணிப் பழங்குடி மக்களிடமும் அடிவார ஊர் மக்களிடமும் இருக்கும் திறமை. வண்டி ஏற முடியாத இடத்தில் அவர்கள்தான் படை.

இப்போது 2016-இல் தொடங்கிய ஆப்த மித்ரா திட்டத்தில் ஊர்த் தொண்டர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். நல்ல தொடக்கம், தாமதமாக வந்திருந்தாலும். ஆனால் 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தபோது நடந்ததைப் பாருங்கள். கடற்கரை மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து தெருத் தெருவாக மக்களை மீட்டார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிய சுமார் 800 பயணிகளுக்குப் பக்கத்துக் கிராமத்து மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்தார்கள். அங்கேயும் யாரோ ஒருவர் "அந்தப் பக்கம் இழுப்பு அதிகம், படகை இப்படித் திருப்பு" என்று சொல்லியிருப்பார். யாரோ ஒருவர் எத்தனை படி அரிசி போடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார். அவர்களும் இந்தப் பட்டியலுக்கு உரியவர்கள்தான்.

ஆகவே உங்கள் ஊருக்குப் பட்டியல் வேண்டும் என்றால் ஆவணக் காப்பகத்தில் தேடத் தொடங்காதீர்கள். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் போய், "நம் தெரு எரிந்தது எந்த வருஷம்?" என்று கேளுங்கள். வருஷம் தெரியாவிட்டாலும், எந்தப் பொங்கலுக்குப் பிறகு, யார் கல்யாணத்துக்கு முன் என்று சொல்லிவிடுவார்கள். அடுத்து, கூரையைப் பிரிக்கச் சொன்னது யார், தண்ணீரைத் திருப்பியது யார், இழப்புக்குப் பொறுப்பேற்றது யார் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், அவர்களுக்கு நினைவிருப்பது வேறு. எல்லாத் தெருக்களிலும் கேளுங்கள், உங்கள் தெருவில் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். பேரூராட்சியின் பழைய தீர்மானப் புத்தகத்தில் வாளி, ஏணி, கைப்பம்பு வாங்கிய செலவு இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கச் சொன்ன உறுப்பினரின் பெயர் அங்கேயே இருக்கும். கடைசியாகத் தீயணைப்பு நிலையத்துப் பலகை.

என் ஊருக்கு நான் தொடங்கிவிட்டேன். கோடு போட்ட நோட்டு ஒன்றில் முதல் வரியில் கூரை வேய்ந்தவரின் பெயர், இரண்டாவது வரியில் மடை பார்த்தவரின் பெயர், மூன்றாவதில் முன்சீப். மடைக்காரரின் பேரன் இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். தாத்தா பிறந்த வருஷத்தை வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன்.